பாய்லர் புதுசு, பைப் பழசு!

லண்டனில் ஜனவரி மாதத்துக் காலை ஏழு மணி. நாலு மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீடு. மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கிறார். கீழே ஒருவர் அடுப்பில் தோசை வார்க்கிறார். திடீரென்று மேலே தண்ணீர் சில்லென்று ஆகிவிடுகிறது. கீழே அடுப்பில் தீ சுருங்கிப் போகிறது. சுவரில் மாட்டியிருக்கும் பாய்லரில் ஏதோ ஒரு எண் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரருக்கு போன் போனால் வரும் பதில் இதுதான்: "போன வருஷம்தானே புது பாய்லர் மாட்டினேன்!"

இந்த வீடு ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் இதே மாதிரிக் காலைப் பொழுது பிரிட்டனில் பல வீடுகளுக்குப் பழக்கப்பட்டது. அப்புறம் மெக்கானிக் வருவார், ஒரு வால்வை மாற்றுவார், பில் கொடுப்பார். நாலு நாள் ஓடும். அடுத்த கடுங்குளிரில் மறுபடியும் அதே எண்! பாய்லர் கம்பெனியைத் திட்டுவார்கள், மாடலைத் திட்டுவார்கள். மீட்டரிலிருந்து பாய்லர் வரைக்கும் தரைப்பலகைக்குக் கீழே ஓடும் அந்தச் செம்புக் குழாயை மட்டும் யாரும் திட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாததை யார் திட்டுவார்?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். பாய்லர் விஷயத்தில் சட்டியில் நிறையவே இருக்கிறது, அகப்பைக் காம்புதான் ஒடுங்கிப்போய்க் கிடக்கிறது. புது பாய்லர் மாட்டும்போது கேஸ் பைப்பையும் பாய்லரின் ஒரு பாகமாகவே கணக்கில் சேர்க்க வேண்டும், அந்தப் பைப்பில் அளந்த அழுத்தத்தை எழுதி வீட்டில் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சின்னது இல்லை என்று புரியும்.

இது யாருடைய பிரச்சினை?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று வீடுகள் குழாய் வழியாக வரும் கேஸை மட்டுமே நம்பிச் சூடேற்றப்படுகின்றன. அந்த வீடுகளில் ஒரு பாய்லர் தண்ணீரைச் சுட வைத்து அறைக்கு அறை இருக்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். அதே பாய்லர்தான் குளியலுக்கும் பாத்திரம் கழுவவும் வெந்நீர் தரும்.

அங்கே படிக்கப் போகும் தமிழ் மாணவர்களும், வேலைக்குப் போய்க் குடும்பத்தோடு தங்குபவர்களும் முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் வாடகை வீட்டுக்குத்தான். பாய்லரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் இல்லை. பைப்பைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள் இல்லை. ஆனால் குளிரில் நடுங்குவது அவர்கள்தான்! கைக்குழந்தையோ வயசானவர்களோ இருக்கிற வீட்டில் ஜனவரி மாதம் ரெண்டு நாள் சூடு இல்லை என்றால் அதை வெறும் அசௌகரியம் என்று சொல்லிவிட முடியுமா?

21 மில்லிபார் என்றால் எவ்வளவு?

பிரிட்டனில் வீட்டு மீட்டரைத் தாண்டி வரும் கேஸின் அழுத்தம், அதாவது கேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள அழுத்தம், 21 மில்லிபார் இருக்க வேண்டும். ரெண்டு மில்லிபார் கூடவோ குறையவோ இருக்கலாம். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெகுலேட்டர் இதைப் பார்த்துக்கொள்ளும். அது சீல் வைக்கப்பட்டது, பாய்லர் மாட்ட வருபவர் தன் இஷ்டத்துக்குத் திருக முடியாது.

21 மில்லிபார் என்பது ரொம்பப் பெரிய அழுத்தம் என்று நினைக்க வேண்டாம். காற்று மண்டலத்தின் அழுத்தத்தில் அது வெறும் நூற்றில் ரெண்டு பங்கு. ஒரு யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் இந்தக் கேஸை விட்டால், ரெண்டு பக்கத் தண்ணீருக்கும் நடுவில் சுமார் 21 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஒருவர் வாயால் பலமாக ஊதினால் இதைவிடக் கூடுதலாகவே வரும்!

இவ்வளவு குறைவான அழுத்தத்தோடு கிளம்பும் கேஸ், வழியில் எவ்வளவு இழக்கலாம்? பி.எஸ். 6891 என்ற பிரிட்டிஷ் தரநிலை இதற்குப் பதில் சொல்கிறது. வீட்டில் எல்லா கேஸ் சாதனங்களும் முழு வேகத்தில் ஓடும்போதுகூட, மீட்டரிலிருந்து சாதனம் வரைக்கும் இழப்பு 1 மில்லிபாரைத் தாண்டக் கூடாது. 1 மில்லிபார் என்றால் யூ குழாயில் ஒரே ஒரு சென்டிமீட்டர் தண்ணீர், விரல் அகலத்துக்கும் குறைவு. அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது.

பழைய பைப் எப்படி வந்தது?

பிரிட்டனில் 1960கள் வரை வீடுகளுக்கு வந்தது பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து தயாரித்த கேஸ். அப்புறம் வட கடலுக்கு அடியில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967லிருந்து 1977 வரை பத்து வருஷம் வீடு வீடாகப் போய் அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் புது கேஸுக்கு ஏற்ப மாற்றினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள்! ஒரு நாடே செய்து முடித்த அபாரமான வேலை அது.

இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. ஒரே அளவு இயற்கை எரிவாயுவில் பழைய நிலக்கரி கேஸைப் போல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு சூடு அடங்கியிருக்கிறது. அதனால் தரைக்கடியில் இருந்த பழைய பைப் அப்படியே இருக்க, அதன் வழியாக வரக்கூடிய சக்தி ஏறிப்போனது. பைப்பைத் தொடாமலேயே வசதி கூடிவிட்டது. "பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்ற எண்ணம் மக்கள் மனதில் பதிய இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த வீட்டு பாய்லர்களும் பேராசை பிடித்தவை இல்லை. கணப்படுப்புக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கும் பழைய பாய்லர் பலவற்றுக்கு 12லிருந்து 15 கிலோவாட் இருந்தால் போதும். வெந்நீரை அது மெதுவாகச் சுட வைத்து ஒரு பெரிய செம்புத் தொட்டியில் சேர்த்து வைக்கும். குளிப்பவர் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்வார். அவசரம் இல்லாத ஏற்பாடு. அதற்கு 15 மில்லிமீட்டர் பைப் பல வீடுகளில் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

காம்பி வந்தது, கணக்கு மாறியது

பிறகு காம்பி பாய்லர் வந்தது. தொட்டி கிடையாது, சேமிப்பு கிடையாது. குழாயைத் திறந்ததும் அந்த நொடியில் தண்ணீரைச் சுட வைத்துத் தரும். தொட்டி இருந்த அலமாரி காலியாகும், இடம் மிச்சம். எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2005 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விதி மாறியது. புதிதாக மாட்டும் பாய்லர், சில விலக்குகள் தவிர, புகையில் போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகு பழைய பாய்லர் கெட்டுப்போன வீடுகளில் எல்லாம் புது வகை ஏறியது.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்!

குளிர்காலத்தில் தெருக்குழாயில் வரும் தண்ணீர் 5 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க 40 டிகிரி வேண்டும். 35 டிகிரி ஏற்ற வேண்டும். ஷவரில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் தேவை. பெருக்கி 60ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய 24.5 கிலோவாட். ஒரே ஒரு ஷவருக்கு இவ்வளவு! அதே வீட்டை நல்ல குளிரில் சூடாக வைத்திருக்க, சின்ன வீடு என்றால் பெரும்பாலும் இதில் பாதிகூடத் தேவைப்படாது. காம்பி பாய்லர் பெட்டியில் 24, 30, 35 என்று போட்டிருக்கும் பெரிய எண்கள் எல்லாம் வீட்டைச் சூடாக்குவதற்காக இல்லை, குளியலறைக்காகத்தான்.

இந்தச் சக்தி எல்லாம் கேஸாக வந்தாக வேண்டும். 30 கிலோவாட் வெந்நீர் தரும் பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு சுமார் 3.2 கனமீட்டர் கேஸ் இழுக்கும். பழைய பாய்லர் இழுத்தது ஏறக்குறைய 1.3 கனமீட்டர். ரெண்டரை மடங்கு வித்தியாசம்!

ஒரு வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மீட்டர் வாசல் பக்கத்தில், பாய்லர் பின்கட்டுச் சமையலறையில். நடுவில் 9 மீட்டர் பைப். வழியில் ஆறு இடத்தில் முழங்கை போல் மடங்குகிறது. ஒவ்வொரு முழங்கையும் அரை மீட்டர் கூடுதல் பைப்புக்குச் சமம் என்று கணக்கில் எடுப்பார்கள். ஆக மொத்தம் 12 மீட்டர்.

12 மீட்டர் நீளத்துக்கு, 1 மில்லிபார் இழப்புக்குள், 15 மில்லிமீட்டர் செம்புப் பைப் கொண்டுவரக்கூடியது மணிக்கு சுமார் 1.3 கனமீட்டர். பழைய பாய்லருக்குச் சரியாகப் பொருந்தியது. அதே பைப்பில் 3.2 கனமீட்டரை இழுத்தால் என்ன ஆகும்? கேஸ் வேகமாக ஓட ஓட உராய்வு நேர்க்கணக்கில் ஏறுவதில்லை, தாவி ஏறும். ஓட்டம் ரெண்டரை மடங்கானால் இழப்பு ஐந்து மடங்கு அளவுக்குப் போகும். 1 மில்லிபார் இருக்க வேண்டிய இடத்தில் 5 மில்லிபார்! மீட்டரில் 21 இருந்தால் பாய்லர் வாசலில் 16தான். அதிகாலைக் குளிரில் ஊரே பாய்லரைப் போடும் நேரத்தில் மீட்டரிலேயே 19தான் வருகிறது என்றால் பாய்லருக்கு 14.

பைப்பை 22 மில்லிமீட்டருக்கு மாற்றினால்? அதே 12 மீட்டருக்கு 3.9 கனமீட்டர் வரும். 7 மில்லிமீட்டர் கூட்டியதற்கு மூன்று மடங்கு கேஸ்! குழாயின் உள்விட்டம் கொஞ்சம் கூடினாலும் உராய்வு மளமளவென்று குறையும், ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்கு அளவுக்கு. பாய்லருக்கு மட்டும் என்றால் 22 போதும்.

ஆனால் சமையலறையில் கேஸ் அடுப்பும் அவனும் இருக்கிறதே? அது முழுசாக எரிந்தால் இன்னொரு 1 கனமீட்டர். மொத்தம் 4.2. இப்போது 22 கூடப் பற்றாது. அடுப்புக்குக் கிளை பிரியும் இடம் வரைக்கும் 28 மில்லிமீட்டர் போட வேண்டி வரும். இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் நீளம், வளைவு, கிளை எல்லாம் எழுதிக் கணக்குப் போட வேண்டும். பத்து நிமிஷ வேலை. "22 போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதும் தப்புதான்.

சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். "பாய்லரின் கேஸ் இணைப்பே 15 மில்லிமீட்டர்தானே, அப்புறம் எதற்கு 22?" கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இழப்பு நீளத்தைப் பொறுத்தது. கடைசி அரை மீட்டர் மட்டும் 15ல் போனால் போவது 0.2 மில்லிபார். 12 மீட்டரும் 15ல் போனால் போவது 5. வீட்டு வாசற்படி குறுகலாக இருப்பது வேறு, தெருவே குறுகலாக இருப்பது வேறு!

அழுத்தம் குறைந்தால் என்ன நடக்கும்?

இன்றைய கண்டென்சிங் பாய்லர் கொஞ்சம் புத்திசாலி. உள்ளே இருக்கும் விசிறி எவ்வளவு காற்று இழுக்கிறதோ அதற்கு ஏற்ற கேஸை வால்வு அளந்து விடும். காற்றும் கேஸும் கலந்த பிறகே எரியும். அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் வால்வு சமாளிக்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் கலவையில் கேஸ் குறைந்து, தீ நிலைக்காமல் அணையும். பாய்லர் மறுபடி பற்ற வைத்துப் பார்க்கும். முடியவில்லை என்றால் தன்னைப் பூட்டிக்கொண்டு எண்ணைக் காட்டும். பாய்லரைப் பொறுத்தவரை இது பாதுகாப்பான முடிவுதான்.

பக்கத்தில் இருக்கும் அடுப்பு அவ்வளவு புத்திசாலி இல்லையே? தெருக்குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டதும் அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பைப்பில் பாய்லரும் அடுப்பும் இருந்தால் அதே கதைதான். பாய்லர் முழு மூச்சாக இழுக்கும்போது, சிம்மில் வைத்த அடுப்பின் தீ இன்னும் சுருங்கும், அணைந்தும் போகலாம். தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் கருவி பழைய அடுப்புகள் பலவற்றில் கிடையாது. பாய்லர் நின்றதும் அழுத்தம் பழையபடி ஏறும். எரியாத கேஸ் சமையலறையில் பரவும். இது தினமும் நடக்கும் என்று பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1 மில்லிபார் விதியில் 'எல்லா சாதனங்களும் ஓடும்போது' என்று ஏன் போட்டிருக்கிறது என்பது புரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

கசிவு இல்லை என்றால் போதுமா?

வேலை முடிந்ததும் "டெஸ்ட் பண்ணிட்டேன், லீக் இல்லை" என்பார்கள். அது மிக அவசியமான சோதனை. கசிவின் பயங்கரம் பிரிட்டனுக்கு நன்றாகத் தெரியும். 1968 மே 16 அதிகாலை, கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18வது மாடியில் கேஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ் வரை அப்படியே சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அடுப்பின் கேஸ் இணைப்பில் இருந்த தரமற்ற ஒரு பித்தளை நட்டு உடைந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இன்று தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஈஸ்ட் ஹாம் அடங்கிய அதே நியூஹாம் வட்டாரத்தில்தான் அந்தக் கட்டடம் இருந்தது.

கசிவு சத்தம் போட்டு உயிரை வாங்கியது. அதனால் அதற்குச் சோதனை உண்டு, பயமும் உண்டு. ஒடுங்கிய பைப் சத்தம் போடுவதில்லை. மெதுவாகப் பணத்தையும் நிம்மதியையும் வாங்குகிறது. அதனால் அதைக் கேட்பார் இல்லை. ஒரு பைப்பில் சொட்டுக்கூடக் கசிவு இல்லாமல் இருக்கலாம், அதே பைப் பாய்லருக்குப் பற்றாமலும் இருக்கலாம். கசிவுச் சோதனையில் கேஸ் ஓடுவதே இல்லையே, ஒடுக்கம் எப்படித் தெரியும்?

தப்பு யார் மேல்?

மாட்டுபவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. ஒரு வீட்டுக்காரர் மூன்று பேரிடம் விலை கேட்கிறார். ஒருவர் தரைப்பலகையைப் பெயர்த்து பைப்பை மாற்ற வேண்டும் என்று கூட்டிச் சொல்கிறார். மற்ற ரெண்டு பேர் பைப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் குறைத்துச் சொல்கிறார்கள். யாருக்கு வேலை கிடைக்கும்? கணக்குப் பார்த்து நேர்மையாகச் சொன்னவர் வீட்டுக்குப் போவார்! நேர்மைக்குத் தண்டனை கொடுக்கும் சந்தையில் எத்தனை பேர் நேர்மையாக இருப்பார்கள்?

வீட்டுக்காரருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. புதுசாகப் போட்ட தரையைக் கிளப்பச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. சுவரின் மேலே ஓடும் பைப் அழகாகவும் இருக்காது. ரெண்டு பேர் தேவையில்லை என்கிறார்கள், ஒருவர் மட்டும் தேவை என்கிறார் என்றால் அந்த ஒருவர் ஏமாற்றுகிறார் என்றுதான் தோன்றும்.

"சில பாய்லர்கள் குறைந்த அழுத்தத்திலும் ஓடும் என்று தயாரிப்பாளரே சொல்கிறாரே?" என்பது இன்னொரு வாதம். உண்மைதான், அப்படிப்பட்ட மாடல்கள் இருக்கின்றன. ஆனால் பாய்லர் தாங்கும் என்பதால் அடுப்பும் தாங்கும் என்று ஆகிவிடாது. ஏப்ரல் மாத மதியத்தில் தாங்கியது ஜனவரி அதிகாலையில் தாங்கும் என்றும் இல்லை. பாலம் லாரியைத் தாங்குமா என்று சைக்கிள் விட்டுப் பார்ப்பார்களா?

"இனிமேல் ஹீட் பம்ப் காலம். போகப்போகிற கேஸுக்கு எதற்குப் புது பைப்?" என்றும் கேட்கலாம். நல்ல கேள்வி. வசதியும் வாய்ப்பும் இருக்கிற வீட்டுக்காரர் ஹீட் பம்ப்புக்கு மாறட்டும், அப்போது இந்தக் கவலையே இல்லை. ஆனால் இன்று ஒருவர் கேஸ் பாய்லர்தான் மாட்டுகிறார் என்றால், அது இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஓடப்போகிறது. அத்தனை குளிர்காலத்துக்கும் அரைகுறை வேலை போதுமா? பைப்பை மாற்றவே முடியாது என்றால் இன்னொரு வழியும் உண்டு. சின்ன பாய்லரோடு வெந்நீர்த் தொட்டியை வைத்துக்கொள்ளலாம். பழைய ஏற்பாடுதான், ஆனால் ஒடுங்கிய பைப்புக்கு அது பொருந்தும். பெரிய எண் போட்ட பெட்டியை வாங்குவதுதான் முன்னேற்றம் என்று யார் சொன்னது?

என்ன செய்யலாம்?

முதலாவது, விலைப்பட்டியலில் பைப்புக்கு என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். "மீட்டரிலிருந்து இத்தனை மீட்டர், இத்தனை வளைவு, மொத்தத் தேவை இத்தனை கனமீட்டர், பைப் அளவு இவ்வளவு, மாற்ற வேண்டும் அல்லது வேண்டாம்." மூன்று பேரும் இந்த வரியை எழுதியாக வேண்டும் என்று இருந்தால் நேர்மையானவர் தோற்க மாட்டார்.

ரெண்டாவது, மாட்டி முடித்ததும் பாய்லரையும் அடுப்பையும் சேர்த்து முழு வேகத்தில் ஓடவிட்டு, மீட்டரில் எவ்வளவு, பாய்லர் வாசலில் எவ்வளவு என்று அளந்து எழுத வேண்டும். இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டனில் பாய்லரோடு வரும் கையேட்டில் பெஞ்ச்மார்க் என்ற பட்டியல் உண்டு. அதில் கேஸ் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் எழுதக் கட்டம் போட்டிருக்கிறார்கள். புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அந்தக் கட்டத்தை நிரப்பினால் போதும்! வேலைக்குப் பணம் கொடுக்கும் முன்பு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வீட்டுக்காரர்களுக்கு வர வேண்டும்.

மூன்றாவது, வாடகைக்கு இருப்பவர்கள். 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டுக்காரர் தான் கொடுத்திருக்கும் கேஸ் சாதனங்களை வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 28 நாளுக்குள் சான்றிதழின் நகலைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு வருவதற்கு முன்பே தர வேண்டும். பாய்லரின் இயங்கு அழுத்தம் அல்லது அது எடுத்துக்கொள்ளும் சக்தி, தேவைப்பட்டால் ரெண்டும், அந்தச் சோதனையில் பார்க்கப்பட வேண்டியவை. மாணவர்கள் பலர் அந்தக் காகிதத்தை வாங்கி வாடகை ஒப்பந்தத்தோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒருமுறை பிரித்துப் படித்தால் என்ன?

பைப்பையும் பாய்லரையும் தொடாமல், மீட்டரைப் பார்த்தே ஓரளவு தெரிந்துகொள்ளவும் முடியும். கனமீட்டரில் காட்டும் மீட்டராக இருந்தால், ஒரு குளிர்ந்த நாளில் அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாய்களை முழுசாகத் திறந்து, ஒரு நிமிஷம் ஓடிய பிறகு மீட்டர் எண்ணைக் குறிக்க வேண்டும். ரெண்டு நிமிஷம் கழித்து மறுபடி குறிக்க வேண்டும். 30 கிலோவாட் பாய்லர் முழுசாக ஓடினால் வித்தியாசம் 0.107 கனமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். ரொம்பக் குறைவாக இருந்தால் அதற்கு வேறு காரணமும் இருக்கலாம், தண்ணீர் மெதுவாக வந்தால் பாய்லர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் "அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்க இது ஒரு நல்ல ஆதாரம். அதைத் தாண்டி எந்தத் திருகையும் தொடக் கூடாது. மீதி வேலை கேஸ் சேஃப் பதிவு அட்டை வைத்திருப்பவருடையது. 2009 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவுதான் அங்கே செல்லும்.

கடைசியாக...

பத்து வருஷத்தில் ஒரு கோடிக்கும் மேலான வாடிக்கையாளர்களின் அடுப்பையும் ஹீட்டரையும் வீடு வீடாகப் போய் மாற்றிக் காட்டிய நாடு பிரிட்டன். அந்த நாட்டில் ஒரு வீட்டின் பைப்பை அளந்து ஒரு காகிதத்தில் ரெண்டு எண் எழுதுவது முடியாத காரியம் இல்லை. சட்டத்தில் இடம் இருக்கிறது, கையேட்டில் கட்டம் இருக்கிறது, அளக்கக் கருவியும் இருக்கிறது. கேட்பதற்கு ஆள்தான் இல்லை!

பாய்லர் வாங்கும்போது "எத்தனை கிலோவாட்?" என்று கேட்கத் தெரிந்தவர்கள் "எத்தனை மில்லிபார்?" என்றும் கேட்கப் பழகட்டும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தாவது தரைக்கடியில் இருக்கும் பைப்பை யாராவது குனிந்து பார்ப்பார்கள். அப்போது ஜனவரி மாதத்துக் காலை ஏழு மணிக்கு மாடியில் குளிப்பவருக்கு வெந்நீர் வரும், கீழே தோசையும் முறுகலாக வரும்.